தடுப்பூசிக் கணக்கும் விடுபட்ட குழந்தைகளும்

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் விஷயத்தில் புதுச்சேரிக்கு நல்ல பெயர் உண்டு. 2015-16ஆம் வருஷங்களில் நடந்த நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு வயது நிறைந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகளில், அடிப்படைத் தடுப்பு மருந்துகள் யாவற்றையும் பெற்றவர்கள் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 62 பேரே. புதுச்சேரியிலோ நூற்றுக்கு 91 பேர். தேசத்தில் முதல் வரிசையில் நின்ற எண் இது. இப்பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. வெயிலென்றும் மழையென்றும் பாராது, மருந்துக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாய் நடந்த செவிலியர்கள் ஈட்டித் தந்த பெருமை அது.

ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருப்பதற்கில்லை. மீதி ஒன்பது பேர் யார்? ஊரெங்கும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஒன்பது பேரா? அல்லது ஒரே குப்பத்தில், ஒரே குடிசைப் பகுதியில், ஒரே செங்கற் சூளையில் கூடிக் கிடக்கும் ஒன்பது பேரா? முன்னதாயின் பெரிய அபாயமில்லை; சுற்றிலும் உள்ள காப்புப் பெற்ற குழந்தைகளே அவர்களுக்கு வேலியாவர். பின்னதாயின் நிலைமை முற்றிலும் வேறு. தட்டம்மை போன்ற வேகமாகத் தொற்றும் நோயைத் தடுத்து நிறுத்த, நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெற்றிருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் கண்ட முடிவு. இந்த 95 ஊர்ச் சராசரிக்கு மாத்திரம் உரியதன்று. ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு குப்பத்துக்கும் உரியது. நோய்க்கிருமி சராசரியைப் பார்த்துப் புகுவதில்லை. வேலியில்லாத இடத்தைப் பார்த்தே புகுகிறது.

ஓர் எளிய உதாரணம் கூறுவோம். ஓர் ஊரில் 1,000 குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 980 பேர் ஊருக்குள் இருக்கிறார்கள். அனைவருக்கும் ஊசி போட்டாயிற்று. மற்ற 20 பேர் ஊர்ப்புறத்துக் குடிசைகளில் இருக்கிறார்கள், ஒருவருக்கும் போடவில்லை. இலாகாவின் அறிக்கையில் வரும் எண் நூற்றுக்கு 98. மேலதிகாரி பாராட்டுவார், மந்திரி மகிழ்வார், பத்திரிகைகளும் புகழும். அந்தக் குடிசைகளிலோ காப்பின் அளவு சூனியம். 98 என்பது பொய்யன்று. ஆனால் அந்த 20 தாய்மார்களுக்கு அது உண்மையுமன்று. அந்த இருபதும் கணக்கில் ஏறாதே போயிருந்தால், அறிக்கை நூற்றுக்கு நூறு என்றே வந்திருக்கும். எண்ணப்படாத குழந்தை, ஊசி பெறாத குழந்தையாகக்கூடக் காட்சி தருவதில்லை. இதுவே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

இலாகாக் கணக்கு எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். மேலே, போட்ட ஊசிகளின் எண். கீழே, போடப்பட வேண்டிய குழந்தைகளின் எண். மேலதைக் கீழதால் வகுத்தால் வீதம் கிடைக்கிறது. மேலெண்ணைச் செவிலியர் ஏட்டிலிருந்து எடுக்கலாம். கீழெண்ணோ பெரும்பாலும் அனுமானமே. சென்ற ஜனத்தொகைக் கணக்கை வைத்து, பிறப்பு வீதத்தைப் பெருக்கி, இவ்வளவு குழந்தைகள் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். அந்த அடிப்படையோ 2011ஆம் வருஷத்துக் கணக்கு. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு உரிய வருஷத்தில் எடுக்கப்படவில்லை. 2011இல் இந்த யூனியன் பிரதேசத்தின் ஜனத்தொகை 12,47,953. அதற்குப் பின் புதுச்சேரியைச் சுற்றி எத்தனை மனைப் பிரிவுகள், எத்தனை கட்டட வேலைக் கூடாரங்கள் எழுந்தன என்பதைக் கண்ணுடையோர் யாவரும் அறிவர்.

அன்றியும், புதுச்சேரியின் பூகோளமே கணக்கைக் குழப்புவது. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற எல்லை அப்படி. காரைக்கால் ஒருபுறம், மலையாள நாட்டில் மாகி, ஆந்திர நாட்டில் ஏனாம். புதுச்சேரிப் பகுதியே விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களுக்கிடையே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பாகூருக்கும் மண்ணாடிப்பட்டுக்கும் போகிறவன் வழியில் தமிழ்நாட்டு மண்ணை மிதிக்கிறான். தமிழ்நாட்டுத் தாய்மார்கள் பிரசவத்துக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரிகளை நாடி வருகிறார்கள். புதுச்சேரிப் பெண்கள் தலைப் பிரசவத்துக்குத் திண்டிவனத்திலும் பண்ணுருட்டியிலும் உள்ள தாய்வீடுகளுக்குச் செல்கிறார்கள். ஆதலால், பிறந்தவுடன் போடும் க்ஷயத் தடுப்பூசியின் எண், புதுச்சேரிக் குழந்தைகளின் எண்ணையே மிஞ்சினாலும் வியப்பில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணுகிற கணக்கு, வந்தவர்களின் கணக்கு. வாராதவர்களின் கணக்கு அதில் இல்லை.

வாராதவர்கள் யாவர்? இங்கே புதுச்சேரி வரலாற்றில் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி புதுச்சேரியில் பழங்குடியினர் ஒருவருமில்லை. ஒருவருமில்லை என்றால் இருளர் இல்லை என்று பொருளன்று. ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தே வந்தார்கள். ஆனால் புதுச்சேரிக்கெனப் பழங்குடி ஜாப்தா எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஜாப்தா இல்லாததால் கட்டத்தில் சூனியம் எழுதப்பட்டது. 2016ஆம் வருஷத்தில்தான் வில்லியர், வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளர் இந்த யூனியன் பிரதேசத்தின் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். மனிதர் இருக்க, ஏடு இல்லை என்றது. ஏடு இல்லை என்றதால் இலாகாக்களின் புள்ளி விவரங்களிலும் அவர்களுக்கெனத் தனி வரி ஏற்படவில்லை. லாஸ்பேட்டையில் குடியிருக்கும் நரிக்குறவர், கடலோரக் குப்பங்களில் வாழும் மீனவர், வடநாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்வோர், பருவத்துக்குப் பருவம் சூளை மாறும் குடும்பங்கள் ஆகிய இவர்களெல்லாம் சராசரிக்குள் கரைந்து போகிறவர்கள்.

தேசிய ஆய்வுகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன, மிக்க பயனுள்ளவையே. இலாகாவின் ஏட்டை நம்பாது, வீடு வீடாகச் சென்று, தாயிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டு, அட்டை இல்லாவிடில் அவள் ஞாபகத்தைக் கேட்டு எழுதுவது அவற்றின் முறை. இதன் அருமைக்குத் தமிழ்நாடே சான்று. 1998-99இல் அங்கே முழுக் காப்புப் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 89 பேர், 2005-06இல் 81, 2015-16இல் 70. இலாகாவின் அறிக்கைகளோ அக்காலங்களில் இவற்றைவிட மிக உயர்ந்த எண்களையே காட்டி வந்தன. வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணங்களில் ஒன்று முக்கியமானது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின், கிராமங்களில் போட்டு வந்த ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியர் முன்னிலையில்தான் போட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடே. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவள் ஏழைத் தாய். தூரம் கூடிற்று, குழந்தைகள் விடுபட்டனர். வெளியார் ஆய்வு இராவிடில் இவ்வீழ்ச்சி வெளிப்பட்டிராது. பின்னர் நிலைமை சீர்பட்டு, 2019-21 ஆய்வில் 89 என்ற நிலைக்குத் தமிழ்நாடு மீண்டது. உண்மையான அளவுகோல் கண்டிக்கவும் செய்யும். திருந்தியபின் அதைச் சொல்லவும் செய்யும்.

ஆயினும் தேசிய ஆய்வுக்கும் எல்லை உண்டு. அது ராஜ்யத்தின் சராசரியைச் சொல்வதற்காக வகுக்கப்பட்டது. எந்தத் தெருக்களுக்குப் போவது என்று பொறுக்குவதற்கு நான்காவது ஆய்வும் ஐந்தாவது ஆய்வும் 2011ஆம் வருஷத்து ஜனத்தொகை ஜாப்தாவையே ஆதாரமாகக் கொண்டன. ஜாப்தாவில் இல்லாத குடியிருப்பு குலுக்கலிலும் வாராது. புதுச்சேரி போன்ற சிறு பிரதேசத்தில் பொறுக்கப்படும் வீடுகளோ சில. அவற்றில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீடுகள் அவற்றினும் சில. முப்பது குடிசைகள் கொண்ட ஓர் இருளர் குடியிருப்பு அவ்வலையில் அகப்படாமலே போகலாம்.

உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென ஓர் எளிய முறையை நெடுங்காலமாக வழங்கி வந்தது. 1982இல் ஹெண்டர்சன், சுந்தரேசன் என்னும் இருவர் அதைப் பரிசீலித்து எழுதிய கட்டுரை இத்துறையினர் நன்கறிந்தது. ஒரு ஜில்லாவில் முப்பது இடங்களைப் பொறுக்கி, இடத்துக்கு ஏழு குழந்தைகளாக 210 குழந்தைகளைப் பார்த்தால், உண்மைக்குப் பத்து மேலோ கீழோ என்ற அளவில் வீதம் தெரிந்துவிடும். செலவு குறைவு, சில நாட்களில் முடியும். ஆனால் முதல் வீட்டைப் பொறுக்கியபின் அடுத்தடுத்த வாசலுக்கே போவது அம்முறையின் வழக்கம். ஊர் நடுவில் தொடங்கியவர்கள் ஏழு குழந்தைகளை ஊர் நடுவிலேயே முடித்துவிடுவார்கள். ஏரிக்கரைக் குடிசைக்குக் கால் போகாது. இத்தகைய குறைகளை உணர்ந்தே அந்த ஸ்தாபனம் 2018இல் தன் கையேட்டைத் திருத்தி, முதலில் வீடுகள் யாவற்றையும் பட்டியலிட்டு, பின் குலுக்கிப் பொறுக்கும் முறையை வற்புறுத்தியது. அளவுகோலைச் செய்தவர்களே அதன் குறையை ஒப்பித் திருத்தும்போது, நாம் மாத்திரம் பழைய சராசரியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுவதில்லை.

சராசரியை நம்பி ஏமாந்த அனுபவம் நம் தேசத்துக்குப் புதிதுமன்று. வைசூரியை ஒழிக்க 1962இல் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. எல்லோருக்கும் அம்மை குத்திவிட்டால் நோய் அழியும் என்பது திட்டம். கோடிக்கணக்கான குத்துகள் ஏடுகளில் ஏறின. ஆனால் அவற்றில் பெரும்பங்கு, எளிதில் அகப்படும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தியதாகும். தெருவோரத்து ஏழைகளும், ஊர் ஊராய்ச் செல்லும் கூலிகளும் விடுபட்டனர். நோய் அவர்களிடையே ஒளிந்து வாழ்ந்தது. 1973 முதல் முறை மாறிற்று. எத்தனை பேருக்குக் குத்தினோம் என்ற கேள்வியை விட்டு, நோய் எங்கே இருக்கிறது என்று வீடு வீடாகத் தேடினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி ஒழிந்தது. பதினொரு வருஷம் ஊசியை எண்ணியும் ஆகாத காரியம், விடுபட்டவரைத் தேடத் தொடங்கியபின் இரண்டு வருஷத்தில் கைகூடிற்று.

இன்றும் அதே பாடம். உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றைத் தடுக்கும் ஊசியின் முதல் தவணையைக்கூடப் பெறாத இந்தியக் குழந்தைகள் 2023இல் சுமார் 16 லட்சம். 2014 டிசம்பரில் 'இந்திரதனுஷ்' இயக்கம் தொடங்கப்பட்டதும் இத்தகையோரைத் தேடுவதற்கே. 2023 ஜனவரியில் 65 ஜில்லாக்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின் விரிவாக்கப்பட்ட 'யூ-வின்' என்னும் மின்னணுப் பதிவேடு நல்ல சாதனமே. பதிவான குழந்தை இரண்டாம் தவணைக்கு வரவில்லையென்றால் அது சொல்லும். பதிவே ஆகாத குழந்தையைப் பற்றி அது என்ன சொல்லும்? ஏடு காகிதமாயினும் கம்ப்யூட்டராயினும், அதற்குள் பெயரை எழுத ஒரு மனிதர் அந்தக் குடிசை வாசலுக்குப் போயாக வேண்டும்.

நிற்க. எண்ணப் போகிறவரைக் கண்டு ஏழை அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் நினைவு எளிதில் மறைவதன்று. காந்தியடிகளே அம்மை குத்துவதை எதிர்த்து எழுதியவர்; ராஜாஜி 1955இல் க்ஷயத் தடுப்பூசி இயக்கத்தை வன்மையாக எதிர்த்தார். அவர்கள் கருத்தை விஞ்ஞானம் ஒப்பவில்லை. ஆயினும் ஊசிக்கு அஞ்சுவோர் எல்லோரும் மூடர் என்று தள்ளிவிடலாகாது என்பதற்கு அப்பெயர்களே போதும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் முதற்கட்டமாகத் தொடங்கிய பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. அப்போது செல்பேசி வழி எத்தனை வதந்திகள் உலவின என்பதை நேயர்கள் மறந்திரார். 2021 டிசம்பரில் புதுச்சேரி சர்க்கார் கொரோனாத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி உத்தரவிட்டது. உத்தரவு எண்ணைக் கூட்டலாம், நம்பிக்கையைக் கூட்டாது. விடுபட்ட தாயைக் குற்றவாளியாக நடத்தினால், அடுத்த முறை கணக்கெடுக்க வருபவரைக் கண்டதும் அவள் கதவைச் சாத்துவாள். கணக்கு மேலும் பொய்யாகும்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. இன்ன ஜாதியார், இன்ன குப்பத்தார் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்று கணக்கு வெளியிட்டால், அவர்கள் மேல் பழி விழாதா என்பர். நியாயமான கவலை. ஆதலால் தனிப்பட்டவர் பெயரோ குடும்பத்தின் பெயரோ வெளியாதல் கூடாது. மேலும் கணக்கின் கேள்வியே மாற வேண்டும். 'இவர்கள் ஏன் வரவில்லை?' என்று கேட்பதை விட்டு, 'இலாகா இவர்களிடம் எத்தனை முறை சென்றது? எந்த நாளில், எந்த நேரத்தில் சென்றது?' என்று கேட்க வேண்டும். பொழுது விடிந்ததும் வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவள் வீட்டுக்குப் பகல் பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதுவது கணக்காகாது. செவிலியர் மேல் குறை சொல்லுவதும் நம் கருத்தன்று. மேலிருந்து எண்ணைக் கேட்டால் கீழிருந்து எண்தான் வரும். குழந்தையைக் கேட்டால்தான் குழந்தை வரும்.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, ஒவ்வொரு கொம்யூனிலும் உள்ள குடியிருப்புகள் யாவற்றுக்கும் புதிதாகப் பட்டியல் எடுக்க வேண்டும். பட்டாவுள்ள தெரு, பட்டா இல்லாத குடிசை, சூளை, வேலைக் கூடாரம் என்ற பேதமின்றி, பழைய ஜாப்தாவைப் பார்த்து எழுதாமல், காலால் நடந்து எழுத வேண்டும். இரண்டாவது, ஊசி போடும் இலாகாவே தன்னை அளந்துகொள்ளலாகாது; வேறொருவர் அளக்க வேண்டும். இதற்கு ஆளில்லை என்று சொல்ல புதுச்சேரிக்கு வாயில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியே இன்றைய ஜிப்மரின் வேர். குருசுக்குப்பத்திலும் இராமநாதபுரத்திலும் அது சுகாதார நிலையங்கள் நடத்தி மாணவர்களுக்குச் சமூக வைத்தியம் கற்பிக்கிறது. இவ்வளவு வைத்தியக் கல்லூரிகள் நெருங்கியுள்ள ஊர் தேசத்தில் அரிது. மூன்றாவது, இருளர், நரிக்குறவர், மீனவர், வந்தேறிய தொழிலாளர் ஆகியோரை ஊர்ச் சராசரியில் கரைக்காமல், அவரவர் குடியிருப்பில் போதிய எண்ணிக்கையில் தனித்தனியே பார்த்து வீதம் கூற வேண்டும்; முதல் தவணையே பெறாதவர் எத்தனை, முதலைப் பெற்று மூன்றாவதைத் தவறவிட்டவர் எத்தனை என்று பிரித்துக் கூற வேண்டும். முன்னது இலாகா போய்ச் சேராமையைக் காட்டும். பின்னது போய்ச் சேர்ந்தும் நிலைக்காமையைக் காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. நான்காவது, இக்கணக்கைத் தமிழில் அச்சிட்டுப் பொது ஜனங்கள் முன் வைக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டிய கணக்கு எவரையும் திருத்தாது.

அரசியல் ஊழியர்களுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்போருக்கு ஒரு வார்த்தை. ஜாப்தாவின் பொய்மையைப் புதுச்சேரிக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1951இல் அயல்நாடுகளிலிருந்து நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து ஆராய்ந்தபோது, இங்குள்ள வாக்காளர் ஜாப்தா நம்பத்தக்கதன்று என்றே கண்டார்கள். இல்லாத மனிதர்கள் அன்று ஏட்டில் இருந்தார்கள். அந்தப் பொய் ஏட்டைத் தள்ளிவிட்டு, 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஒவ்வொருவராக வோட்டளித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். ஆளை நேரில் கண்டு எண்ணிய கணக்கின் மேல் எழுந்தது புதுச்சேரியின் சுதந்திரம். இன்றோ, இருக்கும் குழந்தைகள் ஏட்டில் இல்லாமற் போகும் அபாயம் நம் முன் நிற்கிறது. அந்நியன் செய்த பிழைக்கு அந்நியனைக் குறை சொன்னோம். இந்தப் பிழைக்கு யாரைக் குறை சொல்வது?

கட்சி ஊழியரும், வாலிப சங்கத்தாரும் தத்தம் தொகுதியில் வோட்டுக் கேட்க எந்தக் குடிசையையும் விடுவதில்லை. ஏரிக்கரை வழியும் அவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஆள் இருக்கும் நேரமும் தெரியும். அதே வழியில், அதே நேரத்தில், ஒரு முறை செவிலியரை அழைத்துச் செல்வார்களாக. அங்கே ஒரு குழந்தையின் பெயரை முதன்முதலாக ஏட்டில் எழுதுவார்களானால், அது நூற்றுக்கு 91 என்ற பெருமையினும் பெரிய தேசத் தொண்டாகும்.